கிரீடத்தின் மேல் பானை

மாஸ்டரை வாழ்க்கையில் தோற்கடித்தது ஒரு நாய்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். பள்ளி என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, சுவரில் சாலை விதிகளின் படம், வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார். அந்தப் பகுதியில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங் பிடித்தார்கள். ஆறடி உயரம், நிலைப்படியில் இடிக்கும் தோள், அத்தனை பெரிய உடம்புக்குள்ளிருந்து சைக்கிள் பெல் மாதிரி ஒரு கீச்சுக்குரல். "பிரேக்! பிரேக்!" என்று அவர் கத்தினால் எதிரே வருகிற லாரியும் சேர்ந்து நிற்கும்.

அதற்கு முன்னால் அவர் கதாநாயகனாக இருந்தவர். ஒரே ஒரு படத்தில். 'பாய்மரத் தளபதி' என்கிற அந்தச் சரித்திரப் படம் வெளிவந்த அதே வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தியேட்டரில் வேறொரு படமும் வந்தது. அதில் ஒரு நாய் ஜீப் ஓட்டித் திருடனைப் பிடித்து, எஜமானிக்குக் கல்யாணமும் செய்துவைத்தது. நாய்ப் படத்துக்கு வரிசை தெருமுனை தாண்டி வளைந்து நின்றது. தளபதிக்கு மழைக்கு ஒதுங்கியவர்கள் வந்தார்கள். மழை விட்டதும் அவர்களும் போய்விட்டார்கள்.

படத்தின் கதை ஒன்றும் மோசமில்லை. கடற்கொள்ளையர்கள் அரசனின் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்டு வரச் சொல்லித் தளபதியை அனுப்புகிறான் அரசன். புயல், சண்டை, பசி, கலகம் எல்லாவற்றையும் தாண்டி, கிரீடத்தோடு கிழவனாகத் திரும்பி வருகிறான் தளபதி. கூடப் போனவர்களில் மிச்சம் ஒரு கிளி மட்டும். அரண்மனை வாசலில் புதுக் காவல்காரன். அரசன் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, வாரிசும் இல்லை, அரண்மனையை இப்போது தானியக் கிடங்காக்கிவிட்டார்கள். காவல்காரனுக்குத் தளபதியும் தெரியாது, கிரீடமும் தெரியாது. அவனுடைய கவலையெல்லாம் அடி சரியில்லாத தண்ணீர்ப் பானை உருண்டுகொண்டே இருப்பதுதான். தளபதி கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறான். கிரீடத்தைத் தரையில் வைத்து, பிரிமணைமேல் வைப்பதுபோலப் பானையை அதன்மேல் உட்காரவைக்கிறான். பானை அசையாமல் நிற்கிறது. கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். சுபம்.

பட்டாபிஷேகம் பார்க்க வந்த ஜனங்கள் நாற்காலி உறையைக் கிழித்தார்கள். 'பானைப் படம்' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மாஸ்டர் தெருவில் நடந்தால் "டேய், பானை போறான்டா" என்று சைக்கிளில் போகிறவன்கூடச் சொல்லிவிட்டுப் போனான்.

இதையெல்லாம்கூட அவர் செரித்துக்கொண்டார். செரிக்காதது வேறொன்று. முதல் காட்சிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, புதுப் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போயிருந்தார். திரையில் தளபதி கப்பல் முனையில் நின்று வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து வந்தது வேறு யாருடைய குரலோ. கிணற்றுக்குள் பாறாங்கல் உருளுகிற மாதிரி, கனமான, வழவழப்பான ஒரு குரல். வானொலியில் செய்தி வாசிக்கிறவருடையது என்று பிறகு தெரிந்தது. மாஸ்டரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் தன் வாய்க்குள் இன்னொருவன் குடித்தனம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காரியத்தைச் செய்தவர் படத்தின் டைரக்டர். வேறு யாராவதாக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு உறவை முறித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த டைரக்டரின் தங்கைதான் படத்துக்கு உடைகள் தைத்தவள்; படப்பிடிப்பில் தளபதிக்கு இடுப்புக் கச்சை அளவெடுக்கப் போய், அளவு சரியாக வரவில்லை என்று நாலு தடவை அளந்து, கடைசியில் அவரையே கல்யாணம் செய்துகொண்டவள். படம் வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கல்யாணம். பெண்டாட்டியை வேண்டுமானால் விவாகரத்து செய்யலாம். பெண்டாட்டியின் அண்ணனை விவாகரத்து செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அதனால் மாஸ்டர் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். மச்சான் வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறைக்குப் போய்த் தங்கையோடு பேசிவிட்டுப் போவார். மாஸ்டர் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். மகள் கல்யாணத்தில் இருவரும் ஆளுக்கொரு கோடியில் நின்றதில், இரண்டு பேரையும் ஒரே படத்தில் அடக்குவதற்காகப் புகைப்படக்காரர் பின்னால் நடந்து நடந்து தெருவுக்கே போய்விட்டார்.

படம் படுத்த பிறகு டைரக்டருக்கும் யாரும் இன்னொரு படம் கொடுக்கவில்லை. 'தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்துவது எப்படி', 'கைகளைச் சரியாகக் கழுவுவது எப்படி' என்று தொழிற்சாலைகளுக்குக் குறும்படம் எடுத்துக் காலம் தள்ளினார். கை கழுவும் படத்தில் சோப்பு நுரையைப் புயல் கடல் மாதிரி எடுத்திருப்பார் என்று அவர் தங்கை சொல்வாள்.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தியேட்டர்க்காரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள்.

நாற்பத்தைந்து வயது, தடித்த கண்ணாடி, எதற்கும் பயப்படாத முகம், ரிவர்ஸ் கியரைத் தவிர. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய தியேட்டரை அப்பாவுக்குப் பிறகு அவள்தான் நடத்திவந்தாள். ஒரு காலை, மாவு மில் முன்னால் காரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இடது! இடது! இடதுன்னா உங்க இடதும்மா, என் இடது இல்ல! திருப்புங்க! இன்னும் திருப்புங்க!"

அவள் சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"சார், அந்தத் தாடை. நாலு நாளா எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சுட்டிருந்தேன். நீங்க பாய்மரத் தளபதிதானே?"

மாஸ்டர் சாலையைப் பார்த்தார். "முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

"நீங்கதான்! ஆனா குரல் வேற மாதிரி இருந்துச்சே?"

புண்ணில் விரலை விட்டுத் திருகினாற்போல இருந்தது அவருக்கு. அவளோ நிறுத்துவதாக இல்லை. "எங்க தியேட்டர்லதான் சார் ஓடுச்சு. ஓடலேன்னு சொல்லணும். அப்போ நான் சின்னப் பொண்ணு. ஆளே இல்லாம காலியா கிடக்குமா, நான் ஒரு வரிசை முழுக்கப் படுத்துக்கிட்டே தினமும் பார்ப்பேன். கடைசியில அந்தப் பானை அசையாம நிக்குமே, எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வந்துடும். அப்புறம் படப்பெட்டியைத் திருப்பி வாங்கிக்க வினியோகஸ்தர் வரவே இல்ல. இன்னும் எங்க ஸ்டோர் ரூம்லதான் இருக்கு. போடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில 'ஓடாத படங்கள்'னு ஒரு வரிசை நடத்தறோம்."

"ஓடாத படங்களா?"

"ஆமா. நல்லாவே கூட்டம் வருது சார். ஓடின படத்தைத்தான் எல்லாரும் வீட்லயே பார்த்துடறாங்களே. ஆனா ஒரு சின்னச் சிக்கல். பெட்டி ஈரத்துல கிடந்ததுல, கடைசி ரெண்டு ரீல்ல சத்தம் போற ஓரம் அரிச்சுப்போச்சு. படம் தெரியுது, வாய் அசையுது, சத்தம் மட்டும் இல்ல. நீங்க வந்து மைக்ல நேரடியா பேசினீங்கன்னா..."

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, மாவு மில்லைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் அவள் குறுக்கே நிறுத்திய காருக்காக நாலு திசையிலும் ஹாரன் அலறியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கார் தன்னுடையது என்பது உறைத்தது. திரும்பி வந்து, அவளைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தியேட்டர்க்காரம்மா போன் பண்ணினாங்க," என்றாள், தலையைத் தூக்காமல். "நடுரோட்டுல விட்டுட்டு நடந்தீங்களாமே?"

"அதை நெருப்பு வெச்சுக் கொளுத்தச் சொல்லு. ஊரே பார்த்துச் சிரிச்சது போதாதா? மறுபடி பெட்டியைத் திறந்து சிரிக்கணுமா?"

"பாத்ரூம்ல தினமும் பேசறீங்களே, அங்க மட்டும் என்ன, டிக்கெட் வித்தா பேசறீங்க?"

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தார்.

"மாடி வீட்டுக்காரருக்குக் கலகக் காட்சி மனப்பாடம். என்னைக்காவது நீங்க ஒரு வரி விட்டுட்டா, 'சாருக்கு உடம்பு சரியில்லையா'ன்னு என்கிட்ட கேக்கறார்."

"நான் வரமாட்டேன். அவ்வளவுதான்."

"வராதீங்க," என்றாள் அவள், துணியால் மெஷினைத் துடைத்துக்கொண்டே. "அதான் அண்ணன் பேசறேன்னு ஒத்துக்கிட்டாரே."

"எதுக்கு?"

"தளபதிக்கு. கடைசி ரெண்டு ரீலுக்கு. வாசல் காவல்காரன் அவர் நடிச்சதுதானே, அதையும் பேசிட்டு, அப்படியே தளபதியையும் சேர்த்துப் பேசிடறேன்னார்."

கூடத்தில் கண்ணாடி அலமாரி அதிர ஒரு குரல் எழுந்தது: "இன்னொரு தடவையா? என் வாய்க்குள்ள இன்னொரு தடவை ஆளை ஏத்தறானா உங்கண்ணன்?"

அவள் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை தியேட்டர் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. 'பாய்மரத் தளபதி. அன்று யாரும் பார்க்கவில்லை. இன்றாவது வாருங்கள்.' மாஸ்டர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: கிளிக்குப் பேசுவது.

உள்ளே அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம், பென்ஷன்காரர்கள் ஒரு கூட்டம். மாஸ்டரிடம் கார் கற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்கள் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைக் கோடியில் மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மறு கோடியில் போய் உட்கார்ந்தார். நடுவில் மனைவி.

விளக்கு அணைந்தது. தளபதி வாயைத் திறந்தான். பாறாங்கல் உருண்டது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் சிரிக்கத்தான் வந்திருந்தார்கள், தாராளமாகச் சிரித்தார்கள். புயல் காட்சியில் தளபதியின் மீசை ஒரு பக்கம் பெயர்ந்து, அடுத்த ஷாட்டில் ஒட்டிக்கொண்டு, அதற்கடுத்த ஷாட்டில் மறுபக்கம் பெயர்ந்தபோது ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார். அந்தக் கப்பல் நின்றது கட்டாந்தரையில். அடியில் லாரி டயர்கள், இரண்டு பக்கமும் கடப்பாரை போட்டு ஆட்டுவதற்கு ஆட்கள். தண்ணீரே இல்லாத கப்பலில் அவர் மூன்று தடவை வாந்தி எடுத்தார்.

ஆனால் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று புரியாமல் போயிற்று. டயர் எங்கே? கடப்பாரை எங்கே? திரையில் கடல் இருந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, பீப்பாய்கள் உருண்டு, மாலுமி ஒருவன் பாய்மரக் கயிற்றில் தொங்கியபடி யாரோ பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்தினான். மாஸ்டர் தன்னையறியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கலகக் காட்சி வந்தது. அன்றைக்கு அவர் மிகவும் அவமானமாக நினைத்த காட்சி அது. பசியால் பைத்தியம் பிடித்த மாலுமிகள் தளபதியைக் கொல்லக் கத்தியோடு வருகிறார்கள். அவன் தன் தோல் காலணியைச் சட்டியில் போட்டு வேகவைத்துக்கொண்டிருக்கிறான். கொல்ல வந்தவர்கள் சட்டியைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வேகட்டும் என்று சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். வெந்ததும் பங்கு போட்டுத் தின்கிறார்கள். தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கத்தியை எடுக்கிறார்கள். அரங்கமே உருண்டு சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அவர்களில் முரட்டு ஆள் ஒருவன் மட்டும் தன் பங்கில் ஒரு துணுக்கைக் கிள்ளி, யாருக்கும் தெரியாமல் கிளிக்குக் கொடுக்கிறான். அப்போது சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

'அடப்பாவி' என்று மாஸ்டர் மனசுக்குள் சொன்னார். 'நல்லாத்தான் எடுத்திருக்கான்.'

இதை நினைத்ததற்காக அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சத்தம் அறுந்தது. தியேட்டர்க்காரம்மா டார்ச் அடித்து மூன்று பேரையும் திரைக்குக் கீழே அழைத்துப் போனாள். மூன்று மைக். மேலே கிழத் தளபதி, வெள்ளைத் தாடியோடு, கரையைப் பார்த்து நிற்கிறான். உதடு அசைந்தது.

"கரை," என்றார் மாஸ்டர். "கரை தெரிகிறது."

அவ்வளவுதான். கொல்லென்று வெடித்தது கூட்டம். இத்தனை நேரம் பாறாங்கல் குரலில் பேசியவன் திடீரென்று சைக்கிள் பெல் அடித்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? மாஸ்டர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரி போய்விட்டது. அதற்கடுத்ததும் போயிற்று. மேலே உதடுகள் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன.

"தளபதி! தளபதி! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கிளி கத்தியது. திரையில் கிளி அலகைத் திறந்த அதே நேரம்.

வசனத்தில் இல்லாதது அது. கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது; இந்தத் தடவை கிளிக்காக. அந்த இடைவெளியில் மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். "என்னோடு வந்தவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நான் எந்தக் கதவை முதலில் தட்டுவேன்?" என்றார். குளியலறையில் சொல்வது போலவே சொன்னார். உடைந்து, மெலிந்து, காற்றில் கிழிந்த துணி மாதிரி வந்தது குரல். பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக அரண்மனை வாசல் வந்தது. காவல்காரனாக நடிக்க வேண்டியவர் அன்று வராததால் டைரக்டரே வேஷம் கட்டிக்கொண்டு நடித்த காட்சி. திரையில் இளவயது மச்சான் காதைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே கிழ மச்சான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யார் நீ?" என்றார் மச்சான்.

"இந்த நாட்டின் தளபதி."

"எந்தத் தளபதி? இங்கே அப்படி யாரும் இல்லையே."

அடுத்து மாஸ்டர் சொல்ல வேண்டியது, 'மன்னரிடம் நான் வந்திருப்பதாகச் சொல்' என்பது. மேலே தளபதியின் உதடு திறந்தது. மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். பேச்சை நிறுத்திய பிறகு அத்தனை கிட்டத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"என் குரலை எங்கே வைத்தாய்?" என்றார்.

மச்சான் திகைத்தார். ஆனால் மேலே காவல்காரனின் வாய் அசைய ஆரம்பித்துவிட்டது. எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"எந்தக் குரல்?"

"இந்தக் குரல். என்னைக் கேக்காம எவனோ ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து என் வாயில வெச்சியே, அப்போ எடுத்த குரல்."

திரையில் காவல்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மச்சானும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரிப்பு பாதியில் நிஜமாகவே வந்துவிட்டது. "கொசு ரீங்காரம் மாதிரி இருந்துச்சு, மாப்பிள்ளை! வாளை உருவிக்கிட்டு ஒருத்தன் கொசு மாதிரி பேசினா எதிரி அடிச்சுப் போடமாட்டானா?"

அரங்கம் அதிர்ந்தது. இதெல்லாம் படத்தின் வசனம் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

"கொசுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மாஸ்டர். தளபதியின் உதட்டோடு அச்சாகப் பொருந்தியது.

காவல்காரன் முகத்தை நீட்டி ஏதோ நீளமாகச் சொன்னான். "எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் கல்யாணம். சொன்னா நீ தாலியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்ப. என் தங்கச்சி பந்தல்ல நிக்கணுமா? வேணும்னா அவளையே கேளு. அவளுக்கு அன்னைக்கே தெரியும்."

காவல்காரன் வாயை மூடிக்கொண்டான். திரையில் தளபதி மெல்லத் தலையைத் திருப்பித் தோளிலிருந்த கிளியைப் பார்த்தான். 'நாம் தாமதமாக வந்துவிட்டோமா?' என்று அவன் கேட்கும் இடம். கீழே மாஸ்டரும் தலையைத் திருப்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

கிளி அலகைத் திறந்தது.

"தெரியும்," என்றது கிளி. "தெரியும், தெரியும்."

அதற்குமேல் அந்தக் காட்சியில் தளபதிக்கு வசனம் கிடையாது. மூன்று பேரும் கையில் மைக்கோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரீடம் தரைக்குப் போயிற்று. பானை கிரீடத்தின்மேல் ஏறியது. ஒரு தடவை லேசாக ஆடி நின்றது. அரங்கில் ஒரு சத்தமில்லை. விளக்கு வந்தபோது தியேட்டர்க்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் எழுந்து நின்று விசிலடித்தார்கள், "பானைக்கு ஜே!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பென்ஷன்காரர் முன்னால் வந்து, கடைசி வசனம் யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மச்சான், கொஞ்சமும் கூசாமல்.

"பாதி நான்," என்றார் மாஸ்டர்.

எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது மச்சான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ரெண்டு இடத்துல உதடு ஒட்டல மாப்பிள்ளை," என்றார். "கரை தெரியற இடத்துல மூச்சை அடக்கிப் பேசணும்."

"கொசுவுக்கு உதடு ஏது?" என்றார் மாஸ்டர். ஆனாலும் மூச்சை எங்கே அடக்குவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கப்பலை ஆட்டிய டயர் எந்த லாரியுடையது என்பதில் இருவரும் இன்னொரு டீ வரை சண்டை போட்டார்கள்.

மனைவியிடம் மட்டும் அவர் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தலைகீழாக நடந்தது. மாஸ்டர் மச்சானுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் போட்டார். மச்சான் வந்தால் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. அங்கே இப்போது பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது.

"ரெண்டு வாரம் ஒரே வீட்ல, ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு, கூடவே வந்து தியேட்டர்ல உட்கார்ந்தாளே மச்சான்! என் மூஞ்சியைப் பார்க்கவா உட்கார்ந்தா?" என்று மச்சானிடம் பொருமினார், அவளுக்குக் கேட்கும்படி.

"கேட்டா சொல்வேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேக்கத்தான் ஆளில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்டார்கள். தியேட்டர்க்காரம்மா கூடுதல் நாற்காலிகள் போடும்படி ஆயிற்று. மாஸ்டரும் மச்சானும் முன்னதாகவே போய்விட்டார்கள். மனைவி வரவில்லை. சத்தம் அறுந்ததும் இருவரும் போய் மைக் முன்னால் நின்றார்கள். 'கரை தெரிகிறது' என்றார் மாஸ்டர், மூச்சை அடக்கி. அடுத்து கிளி அலகைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"கிளி எங்கே?" என்று ஒரு குரல்.

போன வாரம் வந்தவர்கள் இந்த வாரம் அக்கம்பக்கத்தையும் கூட்டி வந்திருந்தார்கள் போலும். "கிளி! கிளி!" என்று தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். மச்சான் கிளிக்குப் பேசிப் பார்த்தார். கட்டைக் குரலில் கிளி பேசியதும் ஊளையிட்டார்கள். தியேட்டர்க்காரம்மா ரீல் மாற்றும் சாக்கில் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"வெளியில கார்லதான் உட்கார்ந்திருக்காங்க. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. நீங்க போங்க."

வாசலில் அவருடைய பயிற்சிக் கார் நின்றது. ஓட்டுநர் சீட்டில் மனைவி, நல்ல புடவை உடுத்தி, நேராகப் பார்த்துக்கொண்டு. மாஸ்டர் கண்ணாடியைத் தட்டினார். அவள் விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கினாள்.

"கிளி வேணுமாம்," என்றார்.

"யாருக்கு?"

"கேக்கறாங்க, உள்ள."

"உள்ள கேக்கறவங்க வந்து கூப்பிடட்டும்."

அவர் காரைச் சுற்றி மறுபக்கம் போய், கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். சற்று நேரம் காலுக்கடியில் இருந்த பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?" என்றார் கடைசியில்.

"கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னா ஓடிப்போயிருப்பீங்க. அப்புறம் சொன்னா, 'ஏன் முன்னாடி சொல்லல'ன்னு ஓடிப்போயிருப்பீங்க. நான் என்ன செய்ய?" அவள் இப்போதும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் முதல்ல என்கிட்டதான் கேட்டார். 'குரல் நல்லா இல்லியே, மாத்திடட்டுமா'ன்னு. எனக்குப் பிடிச்சிருக்கேன்னு சொன்னேன். 'உனக்குப் பிடிச்சா போதுமா, டிக்கெட் வாங்கறவனுக்குப் பிடிக்க வேணாமா'ன்னார். எனக்கு பதில் தெரியல."

மாஸ்டர் கண்ணாடி வழியே கரும்பலகையைப் பார்த்தார். உள்ளேயிருந்து தாளம் இங்கே வரை கேட்டது.

"பிடிச்சிருந்துச்சா?"

"இல்லாமயா நாலு தடவை அளவெடுத்தேன்? பேச்சு கேக்கத்தான். இறங்குங்க, ஜனங்க காத்திருக்காங்க. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கான்னு பார்த்தீங்களா?"

படம் மறுபடி ஓடியது. மச்சான் அன்று காவல்காரனுக்குப் புதிதாக நாலு வசனம் எழுதிவந்திருந்தார். மாஸ்டர் அதில் மூன்றை ஏற்க மறுத்து, மைக்கிலேயே சண்டை போட்டார். ஜனம் ஆர்ப்பரித்தது. கடைசியில் பானை ஏறும் காட்சி வந்தது. படப்பிடிப்பு நாளில் அந்தக் கிளி ஏதோ கொட்டையை மென்றுகொண்டே இருந்ததால், தளபதி நடந்துபோகும் நீளமான ஷாட் முழுக்க அதன் அலகு ஓயாமல் அசைந்தது. போன வாரம் அதை யாரும் கவனிக்கவில்லை. இந்த வாரம் மனைவி கவனித்துவிட்டாள்.

கிளி பேச ஆரம்பித்தது. ஒரு வாரம் பேசாமல் இருந்ததைப் பற்றிப் பேசியது. டிவி சத்தத்தைப் பற்றிப் பேசியது. குளியலறையில் வீணாகிற தண்ணீரைப் பற்றிப் பேசியது. நாலு தடவை அளந்தும் சரியாக வராத இடுப்பைப் பற்றியும் பேசியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் மைக்கைத் தூக்கினார். சொல்வதற்கு அவரிடம் நிறையவே இருந்தது. ஆனால் மேலே தளபதி வாயை இறுக மூடிக்கொண்டு, கிளியைத் தோளில் சுமந்தபடி, மணல் தெருவில் நடந்துகொண்டே இருந்தான்.